நகரப் பிள்ளைகளுக்கு வேளாண்மை கற்பிக்க ஒரு 12 வாரப் பயிற்சி: ஒரு கல்வியாண்டு கழித்து எழுதும் மதிப்புரை

சென்னையின் தென்பகுதியில் உள்ள ஒரு தனியார் மையம், பள்ளிப் பிள்ளைகளுக்கு வேளாண்மை கற்பிக்க முன்வருவோருக்கென 12 வாரப் பயிற்சி ஒன்றை நடத்துகிறது. வார இறுதி நாள்களில் மட்டும் வகுப்பு, கட்டணம் 18,500 ரூபாய், முடிவில் ஒரு சான்றிதழ், அதன்பின் வேலைக்கு உதவி என்பது அவர்கள் அறிவித்திருந்த ஏற்பாடு. சென்ற ஆண்டு மார்ச் மாதம் சேர்ந்து மே மாதக் கடைசியில் முடித்தேன். முடித்த வாரமே எழுதியிருந்தால் ஐந்துக்கு நான்கரை நட்சத்திரம் கொடுத்திருப்பேன். ஆனால் ஆசிரியர் பயிற்சியின் தரம் வகுப்பறைக்குள் நுழைந்த பிறகுதான் தெரியவரும் என்பதால், ஜூன் முதல் ஏப்ரல் வரை இரண்டு பள்ளிகளில் வேலை பார்த்துவிட்டு இப்போது எழுதுகிறேன். நட்சத்திரம் மூன்றாகக் குறைந்துவிட்டது.

மையத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எனக்குப் பாடம் நடத்திய மூவரில் இருவர் மிக நல்ல ஆசிரியர்கள். நான் சொல்லப்போகும் குறைகளோ நிர்வாகத்தைச் சேர்ந்தவை, அதுவும் ஒரே ஒரு அணியில் படித்தவளின் அனுபவத்தை வைத்துச் சொல்பவை. இதே பாடத்திட்டத்தைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் நடத்தும் வேறு மையங்களும் நகரில் இருப்பதால், எதில் சேர நினைப்பவருக்கும் இது பயன்படும் என்று நினைக்கிறேன். என்னைப் பற்றி ஒரு வரி: வேளாண் இளநிலைப் பட்டம் பெற்று, விழுப்புரம் பக்கத்தில் ஒரு விதை நிறுவனத்தின் களப்பணியில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவள். பயிர் எனக்குப் புதிதில்லை, பிள்ளைகள்தான் புதிது. ஆகவே இந்தப் பயிற்சியிடம் நான் எதிர்பார்த்தது கற்பிக்கும் கலையை மட்டும்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

முதல் நாள் காலை முழுவதும் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உள்ள வேளாண் அறிவியல் உயர்நிலைப் பள்ளியைப் பற்றிப் படம் காட்டினார்கள். 1985இல் தொடங்கிய அரசுப் பள்ளி அது; நகர எல்லைக்குள் எஞ்சியிருந்த கடைசிப் பண்ணையில், 70 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், மாடும் பசுமைக்குடிலும் சோள வயலுமாக நடக்கிறது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் எங்கள் வகுப்பில் இருந்த 22 பேரில் ஒருவருக்கும் 70 சென்ட் நிலம்கூடக் கிடைக்கப்போவதில்லை. எங்களுக்குக் கிடைக்கப்போவது தண்ணீர்த் தொட்டிகளுக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவே ஒரு மொட்டைமாடி. அந்தப் படங்களிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியது வேறொன்று. அமெரிக்க வேளாண் கல்வியில் வகுப்பறைப் பாடத்தோடு நிற்காமல் ஒவ்வொரு மாணவரும் தனக்கென ஒரு சிறு வேலையை எடுத்துக்கொண்டு, அதற்கு நாட்குறிப்பும் வரவு செலவுக் கணக்கும் எழுதி, ஆசிரியரின் மேற்பார்வையில் நடத்தி முடிக்க வேண்டும். அதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் தேவையில்லை, 40 பக்க நோட்டு ஒன்று போதும். அந்தப் பகுதியை ஒரே படத்தில் ஓட்டிவிட்டார்கள்.

இன்னொரு வருத்தமும் உண்டு. பயிற்சி நடந்த கட்டடத்திலிருந்து பேருந்தில் கால் மணி நேரம் போனால் சைதாப்பேட்டை. 1868இல் அங்கேதான் ஒரு வேளாண் பள்ளி தொடங்கப்பட்டது; அது 1906இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறிக் கல்லூரியாக வளர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. தமிழ்நாட்டில் முறையான வேளாண் கல்வியின் வேர் இன்று மேம்பாலமும் மெட்ரோ ரயிலும் ஓடும் ஓர் ஊரில் இருக்கிறது என்பதைவிட, நகரப் பிள்ளைகளிடம் பேச்சைத் தொடங்க நல்ல செய்தி கிடைக்குமா? ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் நான் இதைச் சொன்னபோது, ஒரு பையன் தன் தாத்தா வீடு சைதாப்பேட்டையில்தான் இருக்கிறது என்று எழுந்து நின்று அறிவித்தான். அன்று வகுப்பை அவன்தான் பாதி நடத்தினான்.

இனி நன்றாக இருந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வாரங்களில் எட்டு வாரம் பயிர், இரண்டு வாரம் மட்கும் உரமும் பூச்சி மேலாண்மையும். இந்தப் பத்து வாரங்களையும் நடத்தியவர் தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர். எதையும் கையால் செய்து காட்டாமல் விடமாட்டார். தென்னை நார்க்கழிவுக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து அப்படியே பையில் நிரப்பிவிடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். அவர் அதைப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஊறவைத்து, வடிகட்டி, மறுபடி தண்ணீர் ஊற்றி, மூன்று முறை வடித்த தண்ணீரை மூன்று கண்ணாடிக் குவளைகளில் வரிசையாக வைத்தார். முதல் குவளை கறுப்புக் காப்பி, இரண்டாவது தேநீர், மூன்றாவது நீர்த்த மோர்க்குழம்பு நிறம். நாரில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்கும் சிறு கருவியை ஒவ்வொன்றிலும் முக்கி எண்ணைப் படித்துக் காட்டிவிட்டு, "இளநாத்து ஏன் நுனி கருகுதுன்னு கேட்டு எனக்கு யாரும் போன் பண்ணக் கூடாது" என்றார். ஒன்பது ஆண்டு களத்தில் இருந்த நானும் அன்று குறிப்பெடுத்தேன்.

வேப்பெண்ணெய்ப் பாடமும் அப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி என்று எல்லாக் கையேட்டிலும் போட்டிருக்கும். அவர் சோப்புக் கரைசல் சேர்க்காத பாட்டில் ஒன்றையும் சேர்த்த பாட்டில் ஒன்றையும் குலுக்கி வெயிலில் வைத்தார். பத்து நிமிடத்தில் முதல் பாட்டிலில் எண்ணெய் தனியாக மிதந்தது. அதைத் தெளித்தால் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் விழுந்து இலை பொசுங்கும் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கிற்று. இதை அப்படியே பள்ளியில் செய்து காட்டினேன். வெண்டையில் மாவுப்பூச்சி வந்தபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "சோப்பு போட்டீங்களா மிஸ்?" என்று என்னைச் சோதித்தாள். பயிற்சியில் கற்றது பிள்ளைவரை போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. இந்தப் பத்து வாரத்துக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து.

சிக்கல் பதினோராவது வாரத்தில் தொடங்குகிறது. "வகுப்பறை மேலாண்மை" என்ற தலைப்பில் கற்பித்தலுக்கென ஒதுக்கிய ஒரே வாரம் அது. மூன்றாமவர், ஏதோ நிறுவனப் பயிற்சிகள் நடத்துபவர் போலிருக்கிறது, ஊக்க உரையில் பாதி நேரத்தைக் கழித்தார். பிறகு ஒவ்வொருவரும் 20 நிமிடம் மாதிரி வகுப்பு எடுத்தோம். மாணவர்களாக உட்கார்ந்திருந்தவர்கள் எங்களோடு பயிற்சி பெற்றவர்களே; வயது 25 முதல் 60 வரை. அவர்கள் சமர்த்தாகக் கை உயர்த்தி, நாம் எதிர்பார்க்கும் கேள்வியையே கேட்டு, முடிவில் கை தட்டினார்கள். வகுப்பெடுத்துப் பழகக் கிடைத்தது அந்த 20 நிமிடம்தான்; பன்னிரண்டு வாரத்தில் ஒரு நாள்கூட ஓர் உண்மையான பிள்ளையை நாங்கள் பார்க்கவில்லை. நீச்சல் பயிற்சியைத் திண்ணையில் நடத்தியது போலத்தான்.

ஜூன் மூன்றாம் வாரம் என் முதல் வகுப்பு. ஆறாம் வகுப்பு, 41 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. வரிசையில் நிறுத்தி நான்கு மாடி ஏற்றுவதற்கு ஒன்பது நிமிடம் போயிற்று. இறங்கிக் கைகழுவ இன்னொரு பத்து. மீதி 21 நிமிடத்தில் நார்க்கட்டி ஊறும் அதிசயத்தைக் காட்டிவிடலாம் என்று திட்டமிட்டிருந்தேன். கட்டியைத் தொட்டியில் வைத்தவுடன், "மிஸ், இது மண்ணா பிஸ்கட்டா?" என்று ஒரு குரல். முன்வரிசையில் எட்டுப் பேருக்குத்தான் தொட்டி தெரிந்தது. பின்னால் இருந்தவர்கள் தண்ணீர்த் தொட்டியின் ஏணியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கட்டி முழுதாக ஊறி முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அடுத்த வாரம் வகுப்பு ஆசிரியரிடம் யோசனை கேட்டு, பிள்ளைகளை ஏழு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வாளியும் அரைக் கிலோச் சிறு கட்டியும் ஒரு பையும் என்று மாற்றிய பிறகுதான் மூச்சு விட முடிந்தது. பெரிய கட்டியை விட்டுச் சிறு கட்டிக்கு மாற வேண்டும் என்ற இந்தச் சின்ன விஷயத்தை, 18,500 ரூபாய் வாங்கிக்கொண்ட பயிற்சியில் யாரேனும் சொல்லியிருக்கலாம்.

பாடத்திட்டத்தில் இல்லாத மிகப் பெரிய பொருள் பள்ளி நாட்காட்டி. பயிற்சியில் பயிர்களை எந்த மாதம் விதைக்கலாம் என்று அட்டவணை கொடுத்தார்கள். பயிருக்கு அது சரியான அட்டவணை, பள்ளிக்குச் சரியில்லை. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் விடுமுறையும், ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு, மே முழுவதும் கோடை விடுப்பு என்று ஓடும் ஆண்டில், பிள்ளைகள் கண்முன் விதைத்துப் பிள்ளைகள் கையாலேயே பறிக்கும்படி முடிகிற பயிரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இது தெரியாமல் செப்டம்பர் கடைசியில் 30 பையில் தக்காளி நட்டேன். செடி அருமையாக வந்தது, காயும் பிடித்தது, பழமோ அரையாண்டு விடுமுறையில் பழுத்தது. ஜனவரியில் வந்து பார்த்தபோது அணில் தின்றது போகக் காம்புகள் மட்டும் இருந்தன. முற்றத்தில் உட்கார்ந்து அழுத நான்காம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இப்போது என் நோட்டில் வேறோர் அட்டவணை இருக்கிறது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி பள்ளிக்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது: ஜூலை நடுவில் வெண்டையும் கொத்தவரையும் ஊன்றினால் ஏறத்தாழ 45 நாளில், செப்டம்பர்த் தொடக்கத்தில், காலாண்டுத் தேர்வுக்கு முன் முதல் பறிப்பு. பொறுமையில்லாத சின்ன வகுப்புகளுக்குச் சிறுகீரை; 25 நாளில் வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கீரை அழுகும், மாடியும் வழுக்கும் என்பதால் அந்த மாதங்கள் வகுப்பறைக்குள்ளேயே மட்கு உரத் தொட்டிக்கும் விதை சேமிப்புக்கும் பூச்சிகளைப் பெருக்குக் கண்ணாடியில் பார்ப்பதற்கும். தக்காளி நாற்று டிசம்பரில் விட்டுப் பொங்கல் முடிந்து நட்டால் மார்ச் கடைசிக்குள் பழம் கைக்கு வரும். இந்த ஒரு பக்க அட்டவணைதான் எனக்கு அந்தப் பயிற்சியிலிருந்து கிடைத்திருக்க வேண்டிய முதல் பொருள். ஓராண்டும் 30 பைத் தக்காளியும் செலவழித்து நானே தயாரித்துக்கொண்டேன்.

மாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீர்க்கசிவு, பாரம், வடிகால் எல்லாம் சேர்த்து அரை மணி நேரப் பேச்சோடு முடிந்தது. தலைமையாசிரியர்கள் முதலில் கேட்பதே "ஒழுகுமா?" என்பதுதான். பைகளை நேராகத் தரையில் வைக்காமல் செங்கல் அடுக்கியோ இரும்புச் சட்டம் போட்டோ உயர்த்தி வைப்பது, சுவரோரத்திலும் தூண்களுக்கு மேலேயும் பாரத்தை வைப்பது, மழைநீர்க் குழாய் வாயில் சல்லடை வைப்பது என்று மூன்று பதில்கள் கையில் இருந்தால் அனுமதி கிடைக்கிறது. அனுமதி கிடைத்த பிறகும் மாடிச் சாவி வாட்ச்மேன் அண்ணனிடம்தான் இருக்கிறது. நவம்பரில் ஒரு நாள் இரவு மழையில் வேம்பின் இலை குழாய் வாயை அடைத்து மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றபோது, எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத் தாமே போய் எடுத்துவிட்டவர் அவர். விடுமுறையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவரும் அவரே. பறித்த முதல் வெண்டைக்காயில் ஒரு பங்கு அவருக்கு என்பது இப்போது எழுதப்படாத விதி. வேளாண் ஆசிரியரின் திறமையில் கால்பங்கு பள்ளியின் ஊழியர்களோடு பழகும் திறமை என்பதை எந்தப் பாடத்திட்டமும் குறிப்பிடவில்லை.

பாதுகாப்பைப் பற்றி அரை மணி நேரம்கூடக் கிடையாது என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தந்தது. குழந்தைகளோடு வேலை செய்ய வருபவருக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்பதை விளக்குவது எந்த ஆசிரியர் பயிற்சியிலும் அடிப்படை. இரண்டு பள்ளிகளுமே என்னிடம் காவல்துறை சரிபார்ப்புச் சான்றிதழ் கேட்டன. முன்கூட்டியே தெரியாததால் விண்ணப்பித்து வாங்குவதற்குள் ஜூனில் இரண்டு வாரம் வீணாயிற்று.

அடுத்தது பிழைப்பு. இந்தப் பயிற்சியை ஒரு பொழுதுபோக்காக விற்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். "மாதம் 40,000 ரூபாய் வரை சம்பாதிக்கலாம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. பள்ளி ஒரு பாடவேளைக்கு 1,000 ரூபாய் தருகிறது. மையம் 30 விழுக்காடு எடுத்துக்கொண்டு 700 ரூபாய் என்னிடம் தருகிறது. வாரம் 12 பாடவேளை, நான்கு வாரம் என்று பெருக்கினால் 33,600. ஆனால் தேர்வு வாரங்களில் வகுப்பு இல்லை, மழை விடுமுறைக்குப் பணம் இல்லை, விளையாட்டு விழாவும் ஆண்டு விழா ஒத்திகையும் முதலில் விழுங்குவது என் பாடவேளையைத்தான். ஆகஸ்டில் 31,500 ரூபாய் வந்தது. டிசம்பரில் 14,000. மே மாதம் சுழியம். மைய ஒப்பந்தத்தில் இருக்கும் 30 விழுக்காடும், அவர்கள் அறிமுகப்படுத்தும் பள்ளியில் இரண்டு ஆண்டுக்கு நேரடியாக வேலைக்குச் சேரக் கூடாது என்ற நிபந்தனையும் கட்டணம் கட்டும்போது சொல்லப்படவில்லை. பன்னிரண்டாவது வாரத்தில் கையெழுத்துப் போடும் தாளில்தான் பார்த்தேன். மொத்த ஆண்டிலும் குறைகூற ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இந்தத் தொழிலின் வரலாற்றையும் வாய்ப்பையும் ஒருவராவது எடுத்துச் சொல்லியிருந்தால் நாங்கள் கண்ணைத் திறந்துகொண்டு வந்திருப்போம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012ஆம் ஆண்டு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி ஆகியவற்றோடு தோட்டக்கலையும் அதில் ஒரு பாடம். வாரத்துக்கு மூன்று அரை நாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். 2021இல் 10,000 ஆனது. பணி நிரந்தரமும் மே மாதச் சம்பளமும் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் சாலையில் உட்கார்ந்ததைச் செய்தியில் படிக்காதவர் இல்லை. "தோட்ட ஆசிரியர்" என்ற சொல்லுக்கு இங்கே ஏற்கனவே ஒரு கதை இருக்கிறது, அது பகுதிநேரக் கதை. புதிதாக வருபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அதே சமயம் முழுநேரக் கதவுகளும் உண்டு. அவற்றையும் மையம் காட்டவில்லை. தமிழ்நாட்டின் மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் பல ஆண்டுகளாகவே ஒரு பாடம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் வேளாண்மை ஒரு திறன் பாடமாக 9, 10ஆம் வகுப்புகளில் 408 என்ற குறியீட்டிலும் 11, 12ஆம் வகுப்புகளில் 808 என்ற குறியீட்டிலும் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாடத்தின் மையப்பொருள் என்ன தெரியுமா? கத்தரிக் குடும்பப் பயிர்ச் சாகுபடி. கத்தரி, தக்காளி, மிளகாய் என்று நம் சாம்பார்ச் சட்டிக்குள் கிடப்பதைத்தான் பொதுத்தேர்வு வரை கொண்டு போகிறார்கள். மதிப்பெண்ணில் பாதி செய்முறைக்கு. 18 மாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளையும் மொட்டைமாடியில் 12 பை வைத்து இந்தச் செய்முறையை முடித்துவிடலாம். பள்ளி இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டால் அதற்கு ஆண்டு முழுவதும் சம்பளம் வாங்கும் ஆசிரியர் தேவை. அந்த வேலைக்கு வேளாண் பட்டம் கேட்பார்கள், 12 வாரச் சான்றிதழ் போதாது என்பதையும் மையம் நேர்மையாகச் சொல்லியிருக்க வேண்டும். என்னோடு படித்தவர்களில் பட்டம் உள்ளவர்கள் நான்கு பேர்தான். மற்றவர்களுக்குக் கிடைக்கக் கூடியது 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் புத்தகப்பை இல்லாமல் வந்து கைவேலை பழகும் பையில்லா நாள்களும், வாரம் ஒரு மன்ற வேளையும், கோடை முகாமும். அதுவும் மரியாதையான வேலைதான்; ஆனால் அதை நம்பி வங்கி வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு நண்பர், தீபாவளிக்கு முன்பே மறுபடி வேலை தேடத் தொடங்கிவிட்டார்.

பாடப்பொருள் தமிழில் இல்லை என்பது இன்னொரு குறை. கொடுத்த கோப்பு முழுவதும் ஆங்கிலம்; அதுவும் பனிக்காலத்துக்கு முன் விதைப்பது எப்படி என்பது போன்ற, சென்னைக்குத் தொடர்பே இல்லாத பக்கங்கள். தமிழில் இல்லாத பொருளா இது? மேல்நிலைத் தொழிற்கல்விக்கென நம் அரசு அச்சிட்ட வேளாண் பாடநூல்கள் இருக்கின்றன. இலங்கையில் 10, 11ஆம் வகுப்புப் பிள்ளைகள் விவசாயத்தைத் தமிழிலேயே ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். நாற்றுமேடை, பதியம், ஒட்டு எல்லாவற்றுக்கும் அந்த வயதுக்கேற்ற படங்களோடு பாடநூல்கள் உண்டு. நான் இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வகுப்புக் குறிப்பு எழுதுகிறேன். "உரம்" என்றால் தெரியாத பிள்ளை இல்லை. ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் தேர்வுக்கு வருமா என்று கேட்கிறது.

செடி வளர்க்க மட்டும் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் இவ்வளவு பணம் கட்ட வேண்டியதில்லை. கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையத்தில் மாடித்தோட்டம், காளான் வளர்ப்பு, மண்புழு உரம் போன்றவற்றுக்கு ஒரு நாள் பயிற்சிகள் நடக்கின்றன. பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி இயக்ககம் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கத்தக்க சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகிறது. தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத்துக்கென மானியத்தில் தரும் பை, நார்க்கட்டி, விதை அடங்கிய தொகுப்பு கிடைக்கும் நேரத்தில் வாங்கி வைத்துக்கொண்டால் முதல் ஆண்டுப் பயிற்சிக்கு அதுவே தாராளம். நான் மதிப்புரை எழுதும் மையத்தின் முதல் பத்து வாரம் இவற்றைவிடச் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சிறப்பெல்லாம் அந்தப் பெரியவர் ஒருவரால் வந்தது. அவர் அடுத்த அணிக்கு வருகிறாரா என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. வரவில்லை என்றால் இந்த மதிப்புரையின் பாதி செல்லாது.

சேரலாமா என்று என்னைத் தொலைபேசியில் கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். ஏற்கனவே ஆசிரியராக இருந்து, பிள்ளைகளைக் கையாளத் தெரிந்து, பயிர் மட்டும் தெரியாதவர்களுக்கு இந்தப் பயிற்சி கட்டணத்துக்குத் தக்கது. என்னோடு படித்த ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர் எங்கள் எல்லோரையும்விட நன்றாக வகுப்பெடுக்கிறார். அவருக்கு அந்த எட்டு வாரம் மட்டுமே தேவைப்பட்டது. பயிர் தெரிந்து பிள்ளைகளைத் தெரியாத என் போன்றவர்கள், அதே 18,500 ரூபாயை வைத்துக்கொண்டு ஏதேனும் ஒரு பள்ளியில் அனுமதி கேட்டு, ஒரு பருவம் சம்பளமில்லாமல் உதவி ஆசிரியராக நின்றுவிட்டு வருவது மேல். இரண்டும் தெரியாதவர்கள் சேர்ந்தால் பாதியைக் கற்றுக்கொள்வார்கள், மீதியைப் பிள்ளைகள் கற்றுக்கொடுப்பார்கள். மே மாதச் சாப்பாட்டுக்கு வேறு வழி இருந்தால் தாராளமாகச் சேரட்டும்.

குறைகளை நிர்வாகத்திடம் மார்ச் மாதம் எழுத்தில் கொடுத்தேன். பள்ளிகளில் இரண்டு வாரக் களப்பயிற்சி சேர்க்கப்போவதாகப் பதில் வந்தது. 30 விழுக்காட்டைப் பற்றிய வரிக்குப் பதில் வரவில்லை. சான்றிதழ் ஒன்று மட்டும் பயிற்சி முடிந்து ஐந்து மாதம் கழித்துத் தபாலில் வந்தது, என் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு. இரண்டு பள்ளிகளும் அதை இதுவரை கேட்கவில்லை.